போட்டோ போர்ட்ஃபோலியோ தளத்தில் கோளாறா? மென்பொருளை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

“விக்ஸ் சரிப்படவில்லை, ஸ்குவேர்ஸ்பேஸுக்கு மாறிவிடவா?” “வேர்ட்பிரஸில் போட்டால் கலர் செத்துப்போகிறது, வேறு எதில் போடலாம்?” முதன்முதலாக போர்ட்ஃபோலியோ தளம் கட்டுகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். தளத்தைத் திறந்து பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஏற்றிய படத்தில் இருக்கும். இல்லையென்றால் எங்கோ ஒரு செட்டிங்கில். அதைக் கண்டுபிடிக்காமல் மாறினால் அடுத்த தளத்திலும் அதே மங்கல் கலர், அதே வெட்டுப்பட்ட தலை. உண்மையிலேயே மென்பொருளை மாற்ற வேண்டிய இடங்களும் சில உண்டு. அவை வரும்போது சொல்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறியிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

தளத்தை இன்காக்னிட்டோ விண்டோவில் திறங்கள். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டே “மாற்றியது வரவில்லை” என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

பிறகு வேறொருவர் போனில், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் திறங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த ஜேபெக் கோப்பை எடுத்து நேராக பிரவுசர் விண்டோவுக்குள் இழுத்துப் போடுங்கள். கோளாறு அங்கேயே தெரிந்தால் தளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. படத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். இழுத்துப் போட்டபோது நன்றாக இருந்து, தளத்தில் மட்டும் கெட்டால் அப்போது மென்பொருளைச் சந்தேகிக்கலாம்.

## அறிகுறி: எந்த மென்பொருள் என்றே முடிவாகவில்லை

டெம்ப்ளேட் டெம்ப்ளேட்டாகப் பார்த்து நாள் போகிறது, தளம் மட்டும் வரவில்லை. இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளலாம்.

படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடைப்பு அங்கேதான். டெமோவில் டெம்ப்ளேட் அழகாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள போட்டோக்கள். 20 முதல் 30 படம் தேர்ந்தெடுங்கள். அதில் நெடுக்குப் படமும் கிடைப் படமும் கலந்து ஒரு பன்னிரண்டை எடுத்து, சோதனைக் காலத்திலேயே டெம்ப்ளேட்டுக்குள் போட்டுப் பாருங்கள். ஸ்குவேர்ஸ்பேஸ் 14 நாள் தருகிறது. படங்கள் தயாராக இருந்தால் ஒரு மாலை போதும்.

ஏற்கெனவே லைட்ரூமுக்கு அடோபியில் சந்தா கட்டுகிறீர்களா? அப்படியானால் அடோபி போர்ட்ஃபோலியோ அதற்குள்ளேயே வருகிறது, தனிக் கட்டணம் இல்லை. ஐந்து தளம் வரை வைத்துக்கொள்ளலாம், லைட்ரூம் ஆல்பத்தை நேரடியாக இழுத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். விற்பனைக்கான கடை வசதி இதில் கிடையாது. சந்தாவை நிறுத்தினால் தளமும் நின்றுவிடும்.

வாடிக்கையாளருக்கு ஆல்பத்தை ஒப்படைக்க வேண்டுமா? பாஸ்வேர்டு போட்ட கேலரி, பிடித்ததைக் குறித்துக்கொள்ளும் வசதி, டவுன்லோடு, பிரிண்ட் ஆர்டர் எல்லாம் வேண்டுமென்றால் பிக்ஸிசெட், ஸ்மக்மக், ஜென்ஃபோலியோ மாதிரி போட்டோகிராஃபர்களுக்கென்றே செய்தவற்றைப் பாருங்கள். பொதுவான தளக் கட்டுமானக் கருவியில் இதையெல்லாம் ஒட்டுப்போட்டுச் செய்வது வீண் வேலை.

ஒழுங்கான தோற்றம் போதும், நோண்ட விருப்பமில்லையா? ஸ்குவேர்ஸ்பேஸ். விக்ஸில் எதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம். அந்தச் சுதந்திரம்தான் புதியவர்களுக்கு வினையாகிறது: கம்ப்யூட்டரில் அடுக்கியது போனில் கலைந்து நிற்கும், மொபைல் தோற்றத்தைத் தனியாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

நிறைய எழுதவும் வேண்டும், தளம் முழுக்க உங்கள் கையில் இருக்கவும் வேண்டுமா? சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வேர்ட்பிரஸ். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள், ஹோஸ்டிங் நீங்கள் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஹோஸ்டிங்கோடு சேர்ந்த சேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள் உண்டு. அப்டேட், பேக்கப் இரண்டும் உங்கள் தலையில்தான். மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் இதை எடுக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஆள் வைக்கத் தேவையில்லை.

## அறிகுறி: லைட்ரூமில் இருந்த கலர் தளத்தில் இல்லை

அதிகம் பேர் மென்பொருளை மாற்றுவது இதற்காகத்தான். மாற்றி ஒரு பயனும் இல்லாமல் போவதும் இதில்தான்.

எல்லா ஸ்கிரீனிலும் மங்கல், தோல் நிறம் சாம்பல் அடிக்கிறது. படம் அடோபி ஆர்ஜிபி, புரோஃபோட்டோ ஆர்ஜிபி என்ற அகன்ற கலர் வரம்புகளில் ஒன்றில் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கும். கலர் ப்ரொஃபைல் (எந்தக் கலர் வரம்பு என்று சொல்லும் லேபிள்) ஒட்டாத படத்தை பிரவுசர், இணையத்தின் பொது வரம்பான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் கலர் வற்றிப்போகும். புரோஃபோட்டோவாக இருந்தால் பார்க்கவே சகிக்காது. லைட்ரூம் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘கலர் ஸ்பேஸ்’ என்பதை எஸ்ஆர்ஜிபி ஆக்குங்கள். போட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ தான் சரி. பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களை அப்படியே விட்டு லேபிளை மட்டும் மாற்றும், கலர் இன்னும் கெடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரொஃபைலை ஒட்டும் கட்டத்தில் டிக் இருக்கட்டும்.

இழுத்துப் போட்டால் நன்றாக இருக்கிறது, தளத்தில் மட்டும் மங்கல். தளம் படத்தைச் சிறிதாக்கும்போது ப்ரொஃபைலைக் கழற்றிவிட்டது. வேர்ட்பிரஸில் இதை உறுதிசெய்ய வழி இருக்கிறது: ‘டூல்ஸ்’, ‘சைட் ஹெல்த்’, ‘இன்ஃபோ’, அதில் ‘மீடியா ஹேண்ட்லிங்’. செயலில் உள்ள எடிட்டர் (சர்வரில் படத்தைச் சிறிதாக்கும் நிரல்) ஜிடி என்று காட்டினால் அதுதான் கழற்றுகிறது. இமேஜிக் என்றால் ப்ரொஃபைலைக் காப்பாற்றும். இமேஜிக்கைப் போட்டுத்தரச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் படம் ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபியில் இருந்தால் ப்ரொஃபைல் போனாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மருந்து மறுபடி அதே எஸ்ஆர்ஜிபிதான்.

முகப்புப் படம் மட்டும் வெளுத்தோ இருண்டோ இருக்கிறது. டெம்ப்ளேட் அதன்மேல் ஒரு மெல்லிய கறுப்பு அல்லது வெள்ளைப் படலத்தைப் போட்டிருக்கும், மேலே வரும் எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று. அந்தப் பகுதியின் செட்டிங்கில் ‘ஓவர்லே’ என்று தேடி பூஜ்யமாக்குங்கள்.

கலர் கண்ணைக் குத்துகிறது. அச்சகத்துக்குக் கொடுத்த சிஎம்ஒய்கே கோப்பை ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் சரி, போனில் தூக்கலாக இருக்கிறது. போனின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘விவிட்’ வகையறா ஏதாவது இருக்கும். இரவு நேர மஞ்சள் வடிகட்டியும் இருக்கலாம். பார்க்க வருகிறவர் போனை நீங்கள் சரிசெய்ய முடியாது, விட்டுவிடுங்கள்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் இருட்டு என்கிறார்கள். உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகம். வெளிச்சத்தைப் பாதியாக்கி எடிட் செய்து பாருங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் மானிட்டர் காலிப்ரேட்டர் கருவி வாங்க வேண்டியிருக்கும், அல்லது இரவல். அச்சு வேலையும் எடுப்பவர் என்றால் வாங்கிவிடலாம். இணையத்துக்கு மட்டும் என்றால் இரவலே போதும்.

கலருக்காக மென்பொருளை மாற்ற வேண்டிய நிலை அபூர்வம்.

## அறிகுறி: படம் தெளிவில்லை

முதல் விநாடி மங்கலாக வந்து பிறகு தெளிவானால் அது கோளாறே இல்லை. முழுப் படம் வரும்வரை சிறு படத்தைக் காட்டி வைக்கிறது.

மங்கலாகவே நிற்கிறது. கோப்பின் பிக்சல் அளவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இறக்கி ஏற்றியிருப்பீர்கள். அது வழியிலேயே சுருங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில்தான் வாங்க வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நீண்ட பக்கம் 2000 முதல் 2500 பிக்சல் இருந்தால் போர்ட்ஃபோலியோவுக்குத் தாராளம். ஸ்குவேர்ஸ்பேஸ் காட்டும் மிகப் பெரிய பதிப்பே 2500 பிக்சல் அகலம்தான். வேர்ட்பிரஸ் 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்டதைத் தானே குறைத்துவிடுகிறது. 6000 பிக்சலில் ஏற்றி ஒரு லாபமும் இல்லை.

வானத்தில் பட்டை பட்டையாக, ஓரங்களில் பொடிப்பொடியாக. இருமுறை அமுக்கப்பட்டிருக்கிறது. தளம் எப்படியும் ஒருமுறை அமுக்கும். வேர்ட்பிரஸ் சிறு பதிப்புகளை 82 என்ற தரத்தில் சேமிக்கிறது. நீங்களும் 60இல் எக்ஸ்போர்ட் செய்திருந்தால் படம் தாங்காது. 80 முதல் 85 வரை வைத்துக்கொள்ளுங்கள். லைட்ரூமில் ஸ்கிரீனுக்கான அவுட்புட் ஷார்ப்பனிங்கை ‘ஸ்டாண்டர்ட்’ இல் விடுங்கள்.

வேர்ட்பிரஸில் தீம் (அங்கே டெம்ப்ளேட்டுக்குப் பெயர்) மாற்றியபின் பழைய படங்கள் மட்டும் மங்கல். புதுத் தீம் கேட்கும் அளவில் சிறு பதிப்புகள் இல்லை. ‘ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ்’ ப்ளக்இன் (வேர்ட்பிரஸில் கூடுதலாகச் சேர்க்கும் நிரல்) ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

## அறிகுறி: பக்கம் திறக்கவே நேரமாகிறது

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் போடுங்கள். மொபைல் பக்கத்தைப் பாருங்கள், டெஸ்க்டாப் மதிப்பெண் எப்போதும் ஆறுதலாகத்தான் இருக்கும். அதில் ‘லார்ஜஸ்ட் கன்டென்ட்ஃபுல் பெயின்ட்’ என்பது முதல் திரையில் உள்ள பெரிய உருப்படி தெரிய ஆகும் நேரம். 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது. மொத்த மதிப்பெண்ணை 100 ஆக்கப் போராடாதீர்கள்; போட்டோ தளத்துக்கு அது வராது, வரத் தேவையும் இல்லை.

முகப்பு மட்டும் மெதுவா? ஸ்லைடரில் எட்டுப் படம் ஓடுகிறதா, பின்னணியில் வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். எடுத்துவிட்டு ஒரே ஒரு படத்தை வையுங்கள். ஸ்லைடரின் மூன்றாவது படம்வரை யாரும் காத்திருப்பதில்லை என்பது என் கருத்து. உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும் முதலில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேலரிகளும் மெதுவா? கோப்பின் எடையைப் பாருங்கள். கேமராவிலிருந்து அப்படியே வந்த ஜேபெக் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். மேலே சொன்ன பிக்சல் அளவிலும் தரத்திலும் எக்ஸ்போர்ட் செய்தால் பெரும்பாலான படங்கள் ஒரு எம்பிக்குள் அடங்கும். இலை, மணல், கூட்டம் என நுணுக்கம் நிறைந்த படம் கொஞ்சம் மீறும், பரவாயில்லை.

ஒரே பக்கத்தில் நூறு படமா? பிரியுங்கள். திருமணம் ஒரு பக்கம், உருவப்படம் ஒரு பக்கம். பிரிக்கும்போதே பாதி கழியும், அதுவும் நல்லதுதான்.

முகப்புப் படம் மட்டும் கடைசியில் வந்து விழுகிறதா? லேசி லோடிங், அதாவது பார்ப்பவர் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி, அதற்கும் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். கீழே உள்ள படங்களுக்குத்தான் அது தேவை, முதல் படத்துக்கு விலக்கு வேண்டும். வேர்ட்பிரஸில் லேசி லோடிங் 2020 முதல் உள்ளேயே இருக்கிறது. அதற்குமேல் தனி ப்ளக்இன் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

படமெல்லாம் இலேசு, ஆனாலும் மெதுவா? வேர்ட்பிரஸ் என்றால் ப்ளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துச் சோதியுங்கள். பக்கத்தை இழுத்துப் போட்டு அடுக்கும் பேஜ் பில்டர் ப்ளக்இன் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். அதற்குப் பிறகும் சர்வர் பதிலளிக்கும் நேரம் 600 மில்லிவிநாடியைத் தாண்டுவதாகக் கருவி சொன்னால் ஹோஸ்டிங்தான் காரணம், திட்டத்தை உயர்த்துங்கள் அல்லது மாறுங்கள். ஸ்குவேர்ஸ்பேஸ், விக்ஸ் போன்றவற்றில் சர்வர் உங்கள் கையில் இல்லை. அங்கே படம் இலேசு, பக்கம் எளிமை, வெளியிலிருந்து ஒட்டிய நிரல் எதுவும் இல்லை, ஆனாலும் வெவ்வேறு இணைப்புகளில் மெதுவாகவே வருகிறது என்றால், மென்பொருளை மாற்றுவது நியாயம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வேர்ட்பிரஸில் ப்ளக்இன் எல்லாம் அணைத்தும், ஹோஸ்டிங் சரியாக இருந்தும் நேரம் குறையாதபோது. அதற்கு முன் கூப்பிட்டால், படத்தைச் சிறிதாக்கியதற்கே பில் வரும்.

## அறிகுறி: போனில் தலை வெட்டுப்படுகிறது

முகப்புப் படத்தில். கம்ப்யூட்டரில் அகலமாக விரியும் படம் போனில் நெடுக்காக வெட்டப்படும், நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். பட செட்டிங்கில் ‘ஃபோக்கல் பாயின்ட்’ என்ற சிறு வட்டம் இருக்கும். அதை முகத்தின்மேல் நகர்த்தி வையுங்கள். படத்தில் இரண்டு ஓரங்களிலும் ஆள் நின்றால் எந்த வட்டமும் காப்பாற்றாது, வேறு படம் போடுங்கள்.

கேலரியில். சதுரக் கட்டம் போட்ட கிரிட் எல்லாவற்றையும் சதுரமாக வெட்டும். ‘மேசன்ரி’ அல்லது ‘ஜஸ்டிஃபைட்’ அமைப்புக்கு மாறினால் படம் முழுசாக நிற்கும். கேலரி வகையை மாற்றினால் போதும், டெம்ப்ளேட்டை மாற்ற வேண்டியதில்லை.

வெட்டாத கேலரி வகையே இல்லையென்றால் டெம்ப்ளேட் மாற வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: விக்ஸின் வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டில் தளம் கட்டிவிட்டால் அதே தளத்தை வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸில் தீம் மாற்றலாம், பக்கங்கள் கொஞ்சம் கலையும்.

எடிட்டர் காட்டும் போன் வடிவ மாதிரியை நம்பாதீர்கள். கையில் உள்ள போனில் பாருங்கள்.

## அறிகுறி: படம் ஏறவே மாட்டேன் என்கிறது

ஐபோன் படமா? 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அது, எல்லாத் தளமும் ஏற்காத எச்இஐசி வடிவில் சேமிக்கிறது. போனின் செட்டிங்ஸில் ‘கேமரா’, ‘ஃபார்மட்ஸ்’, ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ரா, டிஃப், பிஎஸ்டி கோப்புகளாக இருந்தால் ஜேபெக் ஆக்கி ஏற்றுங்கள். கோப்புப் பெயரில் ஆச்சரியக்குறி, சதவீதக்குறி மாதிரி எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸில் அளவு மீறியதாகப் பிழைச் செய்தி வந்தால் அது சர்வரின் பிஎச்பி வரம்பு. வெறும் 2 எம்பிதான் அதன் இயல்பு அமைப்பு. ஹோஸ்டிங் ஆதரவுக்கு ஒரு வரி எழுதினால் கூட்டித் தருவார்கள். ஆனால் போர்ட்ஃபோலியோ படம் 2 எம்பியைத் தாண்டுவது ஏன் என்பதுதான் முதல் கேள்வி.

## அறிகுறி: டொமைன் போட்டால் தளம் வரவில்லை

நேற்றுத்தான் இணைத்தீர்களா? டிஎன்எஸ் (டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்ற பதிவு) மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் செட்டிங்கைத் திரும்பத் திரும்ப மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டால் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை. அல்லது நேர்மாறாக. இரண்டுக்கும் தனித்தனி டிஎன்எஸ் பதிவு வேண்டும்: வெறும் டொமைனுக்கு வழக்கமாக ஏ ரெக்கார்டு, மற்றதற்கு சிநேம். பழைய ஏ ரெக்கார்டு ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தால் தளம் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. பைத்தியம் பிடிக்க வைக்கும் கோளாறு இது. பட்டியலைத் திறந்து, சேவை கொடுத்த எண்களைத் தவிர அதே பெயரில் வேறு ஏதும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்தது, புது டொமைன், திடீரென நின்றது. டாட் காம் போன்ற டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி, பதிவுசெய்தவரின் மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். அந்த அஞ்சல் ஸ்பேமில் கிடக்கும்.

‘நாட் செக்யூர்’ என்று காட்டுகிறது. தளத்தோடு இணைப்பு பாதுகாப்பானது என்று காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் இன்னும் வரவில்லை. டொமைன் சரியாக இணைந்தபின் பெரும்பாலான சேவைகள் தாமே போட்டுவிடும். வேர்ட்பிரஸில் சான்றிதழ் இருந்தும் எச்சரிக்கை வந்தால், பழைய எச்டிடிபி முகவரியோடு படங்கள் உள்ளே கிடக்கின்றன. அவற்றை மாற்றித்தர ப்ளக்இன்கள் உண்டு.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது? தளம் கட்டித்தந்தவர் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருந்தால், இன்றைக்கே உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதுதான் இது சுலபம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: அதே டொமைனில் மின்னஞ்சலும் ஓடுகிறது, நேம்சர்வரை மாற்றச் சொல்கிறார்கள் என்றால். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகளைக் கூடவே எடுத்துப் போகாவிட்டால் தளம் வரும், அஞ்சல் நின்றுபோகும்.

## அறிகுறி: தொடர்புப் படிவத்தில் எழுதினால் அஞ்சல் வருவதில்லை

மாதக்கணக்கில் யாரும் விசாரிக்கவில்லை என்று சோர்ந்துபோகும் முன் உங்கள் படிவத்தில் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். பெறுநர் முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி முகவரி அப்படியே இருந்த தளங்களும் உண்டு. விக்ஸில் வந்த செய்திகள் டாஷ்போர்டிலும் சேர்ந்திருக்கும்.

வேர்ட்பிரஸ் என்றால் காரணம் வேறு. சர்வரிலிருந்து அடையாளச் சான்று ஏதும் இல்லாமல் கிளம்பும் அஞ்சலை ஜிமெயில் போன்றவை சந்தேகத்தோடு தள்ளிவிடும். எஸ்எம்டிபி ப்ளக்இன் ஒன்றைப் போட்டு உண்மையான அஞ்சல் கணக்கு வழியாக அனுப்புங்கள். இன்னொன்று: ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ என்ற படிவ ப்ளக்இன் செய்திகளைத் தன்னிடம் சேமிப்பதில்லை. அஞ்சல் போகவில்லை என்றால் செய்தியும் போயிற்று. சேமித்து வைக்க ‘ஃபிளமிங்கோ’ ப்ளக்இனைக் கூடவே போடுங்கள்.

படிவத்துக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தாகப் போட்டு வைப்பது நல்லது.

## அறிகுறி: கூகுளில் தேடினால் வரவில்லை

தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை ஒட்டித் தேடுங்கள்.

ஒன்றுமே வரவில்லை. தளம் இன்னும் சோதனைக் காலத்திலோ பாஸ்வேர்டுக்குப் பின்னாலோ இருக்கலாம். வேர்ட்பிரஸில் ‘செட்டிங்ஸ்’, ‘ரீடிங்’ பக்கத்தில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு டிக் இருக்கிறது. கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறப்பது சகஜம். எல்லாம் திறந்திருந்தால் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து சைட்மேப்பை (தளத்தின் பக்கப் பட்டியல்) கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். புதுத் தளத்துக்குச் சில வாரம்கூட ஆகலாம்.

பக்கங்கள் வருகின்றன, ஆனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. படம் மட்டும் உள்ள பக்கத்தில் கூகுளுக்குப் படிக்க ஒன்றுமில்லை. பக்கத் தலைப்பில் உங்கள் பெயர், என்ன வகைப் படம், எந்த ஊரில் வேலை செய்கிறீர்கள் என்ற மூன்றும் வரட்டும். ‘ஹோம்’ என்ற தலைப்பு எதற்கும் உதவாது. ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தோடு சேரும் விவரக் குறிப்பு, எழுதுங்கள். கண் தெரியாதவர்கள் கேட்பதும் அதைத்தான், ஆகவே குறிச்சொற்களைக் குவிக்காமல் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

தேடலில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி வருகிறவர்களுக்கு இந்தக் கட்டத்தில் பணம் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி: தமிழ் எழுத்து மட்டும் அசிங்கமாக வருகிறது

டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் பிரவுசர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைப் போடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். உங்கள் மென்பொருளின் எழுத்துருப் பட்டியலில் இருக்கிறதா தேடுங்கள். இல்லையென்றால் சொந்த எழுத்துரு ஏற்ற அனுமதிக்கிறதா என்று பணம் கட்டும் முன்னரே பாருங்கள். இரண்டுமே இல்லை, நீங்கள் தமிழில் நிறைய எழுதுகிறவர் என்றால், மென்பொருளை மாற்ற இது சரியான காரணம்.

எழுத்துரு சரி, ஆனாலும் எழுத்துகள் பிய்ந்து நிற்கின்றன என்றால் டெம்ப்ளேட்டின் ‘லெட்டர் ஸ்பேசிங்’ வேலை. தலைப்புகளுக்கு அதைப் பூஜ்யமாக்குங்கள். கொம்பும் புள்ளியும் மேல்வரியோடு மோதினால் ‘லைன் ஹைட்’ கூட்டுங்கள். பழைய கோப்பிலிருந்து ஒட்டியது ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியீட்டில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

## அறிகுறி: படம் களவு போகிறது

வலது கிளிக்கைத் தடுப்பதால் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு விநாடி. செய்யக்கூடியவை: பெரிய கோப்பை ஏற்றாதிருப்பது, லைட்ரூமில் பதிப்புரிமை விவரத்தை நிரப்பி அது எக்ஸ்போர்ட்டில் போகும்படி வைப்பது. அதே பெட்டியில் இட விவரத்தை நீக்கும் டிக்கையும் போடுங்கள். வீட்டில் எடுத்த குழந்தைப் படத்தோடு வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் போக வேண்டாம்.

## அறிகுறி: தளத்தைத் திறந்தால் வேறெங்கோ போகிறது

வேர்ட்பிரஸ் தளம் சூதாட்டப் பக்கத்துக்கோ மருந்துக் கடைக்கோ தாவினால் யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். இதில் நீங்களே நோண்ட வேண்டாம். ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், நல்ல பேக்கப் இருந்தால் திருப்பிப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் துப்புரவு செய்யத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு உங்கள் பாஸ்வேர்டைத் தராமல் தனி அட்மின் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள், வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள். பிறகு ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ், மின்னஞ்சல் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பயன்படுத்தாத ப்ளக்இன், தீம் எல்லாவற்றையும் அழியுங்கள். அணைத்து வைத்தால் போதாது.

## அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, மாறியே ஆக வேண்டும்

முதலில் எது கூட வரும், எது வராது என்று தெரிந்துகொள்ளுங்கள். விக்ஸ் தளத்தை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாது. ஸ்குவேர்ஸ்பேஸ் வேர்ட்பிரஸுக்கான கோப்பு ஒன்றைத் தரும். சாதாரணப் பக்கங்களும் வலைப்பதிவும் வரும், தோற்றமும் போர்ட்ஃபோலியோ அமைப்பும் வராது. வேர்ட்பிரஸிலிருந்து வேர்ட்பிரஸுக்குப் போனால் மட்டும் எல்லாமே வரும். ஆகவே தளத்தில் ஏற்றிய கோப்புகளை, அதே பெயர், அதே வரிசையில், உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டராக வைத்திருந்தால் மறுபடி கட்டுவது ஒரு நாள் வேலை. இல்லையென்றால் பழைய தளத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், அவையோ ஏற்கெனவே சுருங்கிய பதிப்புகள்.

டொமைன் பழைய சேவையிலேயே வாங்கியதா? அதை வெளியே கொண்டுபோகாமல் டிஎன்எஸ்ஸை மட்டும் புதுத் தளத்துக்குத் திருப்பலாம். முழுதாகவே வெளியேற்ற நினைத்தால், பதிவுசெய்து 60 நாள் ஆகாத டொமைனைப் பொதுவாக மாற்ற முடியாது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

புதுத் தளத்தை அதன் தற்காலிக முகவரியில் முழுசாகக் கட்டி, போனில் பார்த்து, படிவத்தில் ஒரு செய்தி அனுப்பி வந்து சேர்ந்த பிறகே டொமைனைத் திருப்புங்கள். பழைய பக்கங்களுக்கு வெளியில் எங்காவது இணைப்பு இருந்தால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு அனுப்புவது) போடுங்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் அதற்கு மட்டும் ஓர் ஆளை வைக்கலாம். டொமைன் புதுத் தளத்தைக் காட்டத் தொடங்கி ஒரு வாரம் போகட்டும். பழைய சந்தாவை ரத்து செய்யும் பக்கத்தில் டொமைனும் சேர்ந்து ரத்தாகிறதா என்று ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.